வீட்டுக் கணினியும் தொலையியக்கியும்



கலைப் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளாகத் தமிழும் வரலாறும் கற்பித்து, இன்று ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராகப் பணியாற்றும் நான், மின்னணுக் கருவி ஒன்றைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். விஞ்ஞானம் பயின்றோர் கூற வேண்டிய விடயம் அன்றோ இது என நீங்கள் எண்ணவுங் கூடும். ஆயினும், ஒரு கருவியை ஆக்குவோன் அறிந்திருக்க வேண்டியவை சில. அதை வாங்குவோன் அறிந்திருக்க வேண்டியவை வேறு சில. இரண்டாவதாகக் கூறியவற்றை நான் சிறிது பொருட்செலவும் பெரிது மனவருத்தமும் பட்டுக் கற்றுக்கொண்டேன். அவ்வனுபவம் பிறருக்குப் பயன்படுமாயின் நன்று என்னும் எண்ணத்தினாலேயே இன்று உங்கள் முன் பேசுகின்றேன்.

தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒரு சிறு கணினியை இணைத்து, பாட்டு, நாடகம், திரைப்படம், குடும்ப நிகழ்ச்சிகளின் படங்கள் முதலியவற்றை அதிலே சேமித்து வைத்து, வேண்டியபோது பார்த்தும் கேட்டும் மகிழும் வழக்கம் இன்று பல வீடுகளில் உண்டு. 'மீடியா சென்ரர்' என்று இதனை இளைஞர் கூறுவர். மேசைமுன் அமர்ந்து கணினியை இயக்குவோர்க்கு விசைப்பலகையும் சுட்டியும் போதும். ஆனால், விறாந்தையிலோ மண்டபத்திலோ சாய்மனைக் கதிரையில் இருந்தபடி இயக்க விரும்புவோர்க்கு, நாம் பேச்சு வழக்கில் 'றிமோட்' என்று கூறும் தொலையியக்கி வேண்டும். அத்தொலையியக்கி சொல்வதைக் கணினி கேட்க வேண்டுமாயின், கணினிக்கு ஒரு காது வேண்டும். கடைகளில் 'றிசீவர்' என்று விற்கப்படும் சைகைவாங்கியே அந்தக் காது. அதனைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன்.

என் தந்தையார் எங்கள் ஊர்க் கோயிலிலே கந்தபுராண படனத்தில் பயன் சொல்லி வந்தவர். 1980களில் உறவினர் ஒருவர் அவருடைய பயன் சொல்லலை ஒலிநாடாக்களிற் பதிவு செய்து வைத்திருந்தார். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது என் தாயார் கையோடு கொண்டு சென்ற சில பொருள்களுள் அவ்வொலிநாடாக்களும் இருந்தன. தந்தையார் காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. வெளிநாட்டில் வாழும் என் தமையனாரின் மகன் விடுமுறையில் வந்திருந்தபோது, பழுதடையுந் தறுவாயில் இருந்த அந்த நாடாக்களைக் கணினிக்கு மாற்றி, ஒரு சிறு கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைத்தும் தந்து சென்றான். "இனி அப்பாச்சி நினைத்த நேரம் அப்பப்பாவின் குரலைக் கேட்கலாம்" என்று அவன் மகிழ்ச்சியோடு கூறினான்.

ஆனால் நடந்ததோ வேறு. அம்மாவுக்கு இப்பொழுது 83 வயது. கைகளிலே சிறிது நடுக்கம் உண்டு. சுட்டியைப் பிடித்தால், திரையிலுள்ள அம்புக்குறி அவர் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. ஆகவே, நான் பாடசாலையிலிருந்து திரும்பும் வரை அவர் காத்திருப்பார். வந்தவுடன் கேட்கவும் மாட்டார். களைத்து வந்திருக்கின்றாளே என்று கூசுவார். ஒருநாள் பிற்பகல் நான் வீடு திரும்பியபோது, தொலைக்காட்சித் திரை ஒளிர்ந்துகொண்டிருக்க, அதற்கு எதிரே அம்மா பேசாமல் அமர்ந்திருந்தார். காலை பத்து மணி தொடக்கம் அவ்வாறே இருந்திருக்கின்றார். "உதிலை கை வைச்சுப் பழுதாக்கிப் போடுவனோ எண்டு பயமாக் கிடந்தது, பிள்ளை" என்றார். தம் கணவரின் குரலைக் கேட்பதற்கு மகளின் தயவை எதிர்பார்த்து இருக்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டதை அன்றுதான் நான் உணர்ந்தேன்.

அவ்வார இறுதியிலேயே கடைக்குச் சென்று, கையடக்கமான கம்பியில்லா விசைப்பலகை ஒன்றை வாங்கி வந்தேன். உள்ளங்கையளவான அதிலே அறுபதுக்கு மேற்பட்ட பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொன்றும் அரிசிமணியினும் சற்றே பெரியது. அம்மா அதை இரண்டு நாள் கையில் வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அருகே பத்திரமாக வைத்துவிட்டார். கருவியில் யாதொரு குறையும் இல்லை. அதை யார் பிடிக்கப் போகின்றார் என்பதை எண்ணாமல் வாங்கிய என்னிடமே குறை இருந்தது. அதன் பின்னரே இவ்விடயத்தை முறையாகப் படித்து அறிய முற்பட்டேன்.

தொலையியக்கியின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் சிக்காக்கோ நகரிலே இருந்த செனித் என்னும் கம்பனி, 1950ஆம் ஆண்டில், நீண்ட கம்பியினால் பெட்டியோடு பிணைக்கப்பட்ட ஓர் இயக்கியை விற்பனை செய்தது. 'சோம்பேறி' என்னும் பொருள்படும் வேடிக்கைப் பெயர் அதற்கு இடப்பட்டிருந்தது. மண்டபத்தின் குறுக்கே கிடந்த கம்பியில் வீட்டார் கால் தடுக்கி இடருற்றமையால், கம்பியில்லா வழியொன்றைத் தேடவேண்டியதாயிற்று. 1955இல் அதே கம்பனியைச் சேர்ந்த இயூஜீன் பொலி என்பவர் ஒளிக்கற்றையைப் பாய்ச்சும் இயக்கி ஒன்றை ஆக்கினார். திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கண்கள் வைக்கப்பட்டிருந்தன. எந்த மூலையில் ஒளி படுகின்றதோ, அதற்கேற்ற செயல் நிகழும். ஆனால், யன்னல் வழியே வெயில் பட்டாலும் பெட்டி அதனைக் கட்டளையென்றே எண்ணித் தானே இயங்கிற்று. அடுத்த ஆண்டு, 1956இல், றொபேட் அட்லர் என்பவரின் முயற்சியால், மனிதச் செவிக்கு எட்டாத ஒலியைப் பயன்படுத்தும் இயக்கி வெளிவந்தது. அலுமினியக் கோல்களைச் சிறு சுத்தியல் தட்ட எழும் ஒலியே கட்டளை, மின்கலமும் வேண்டியதில்லை. எனினும், சில்லறைக் காசுகள் குலுங்கும் ஓசையும், நாயின் கழுத்துச் சங்கிலியின் ஓசையும் சிலவேளை அப்பெட்டியை ஏமாற்றின. அவ்வாறிருந்தும் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அம்முறையே செல்வாக்குடன் விளங்கியது. 1980களில் செங்கீழ்க் கதிர் அதன் இடத்தைப் பெற்றது.

இவ்வரலாறு ஓர் உண்மையை விளக்குகின்றது. கட்டளையை அனுப்புவது எக்காலத்தும் கடினமாக இருந்ததில்லை. மெய்யான கட்டளை எது, வீணான வெயிலும் ஓசையும் எவை எனப் பகுத்தறிவதே கடினம். அனுப்புவோனிலும் பார்க்க ஏற்போனே இங்கு முதன்மை பெறுகின்றான். நன்னூலாசிரியர் நன்மாணாக்கனை அன்னத்துக்கு ஒப்பிட்டதை நாம் அறிவோம். நீரை ஒதுக்கிப் பாலைக் கொள்வதாகக் கூறப்படும் அந்த அன்னத்தின் இயல்பே நல்ல சைகைவாங்கிக்கும் வேண்டியது.

அது நிகழும் முறையைச் சிறிது பார்ப்போம். அகச்சிவப்பு என்றும் கூறப்படும் செங்கீழ்க் கதிர், சிவப்பு ஒளிக்கு அப்பாற்பட்டதாய், நம் கண்ணுக்குப் புலனாகாத ஒளி. பெரும்பாலான தொலையியக்கிகளின் முனையிலுள்ள சிறு விளக்கு ஏறக்குறைய 940 நனோமீற்றர் அலைநீளமுள்ள கதிரை வீசுகின்றது. வெயிலிலும் மின்விளக்கிலும் இத்தகைய கதிர் உண்டு. ஆகையால், வேறுபாடு தெரியும் பொருட்டு, தொலையியக்கியின் விளக்கு ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை எரிந்து அணைகின்றது. சைகைவாங்கி அந்தத் துடிப்பை மாத்திரம் ஏற்றுக்கொண்டு, துடிப்பின்றி வரும் வெயிலை ஒதுக்கிவிடுகின்றது.

இனி, துடிப்பு நீண்டும் குறுகியும் நின்றும் வருவதனாலே செய்தி உருவாகின்றது. முன்னாளில் தபாற் கந்தோர்களிலே தந்தி அடித்ததை நினைவுகொண்டால் இது எளிதில் விளங்கும். பரவலாக வழங்கும் யப்பானிய முறையொன்றிலே, முதலில் 9 மில்லிசெக்கன் நீளமான ஒரு துடிப்பு, 'கவனி' என்று கூறுவது போல வரும். பின்னர் 4.5 மில்லிசெக்கன் அமைதி. அதன்பின் 32 குறிகள் வரும். அவற்றிலே முதல் எட்டு, எந்தக் கருவிக்கு இச்செய்தி என்னும் முகவரி. அடுத்த எட்டு, அம்முகவரியின் மறுதலை. அதற்கடுத்த எட்டு, எந்தப் பொத்தான் என்னும் கட்டளை. இறுதி எட்டு, அக்கட்டளையின் மறுதலை. ஒன்றோடொன்று ஒத்துவராவிடின் சைகையில் பிழை நேர்ந்ததெனக் கருவி தள்ளிவிடும். கணக்கு எழுதிய பிள்ளை விடையைச் சரிபார்ப்பது போன்றதே இது. ஒரு பொத்தானை அழுத்துவதும் செய்தி முழுவதும் சென்று சேர்வதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

ஆனால் எல்லாக் கம்பனிகளும் ஒரே மொழியைப் பேசுவதில்லை. ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் கம்பனி வகுத்த முறைகளில் துடிப்பு 36,000. யப்பானியச் சோனி கம்பனியின் முறையில் 40,000. 38,000க்கு அமைந்த சைகைவாங்கி மற்றையவற்றையும் கேட்கும். ஆனால் தூரம் குறையும். எனவே, 'இச்சைகைவாங்கி எந்தெந்தத் தொலையியக்கிகளின் மொழியை அறியும்?' என்பது கடையில் நாம் கேட்க வேண்டிய முதல் வினாவாகும்.

கடைகளில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரித்துக் கூறலாம்.

முதலாவது வகை, தனக்கென ஒரு தொலையியக்கியுடன் வரும் செங்கீழ்க் கதிர்ச் சைகைவாங்கி. மைக்குறோசொவ்ற் கம்பனி 2002ஆம் ஆண்டில் வீட்டுப் பொழுதுபோக்குக்கெனத் தனியான விண்டோஸ் பதிப்பை வெளியிட்டபோது இவ்வகை பரவியது. நடுவே பச்சைப் பொத்தான் கொண்ட தொலையியக்கியைச் சிலர் கண்டிருப்பீர்கள். 2015இல் வந்த விண்டோஸ் 10இல் அந்த மென்பொருள் நீக்கப்பட்டது. லினக்ஸில் இவ்வகையான பல சைகைவாங்கிகளுக்கு இன்றும் ஆதரவு உண்டு. எனினும், பழைய இருப்பை மலிவாக விற்கும்போது, நம் கணினியில் உள்ள இயங்குதளத்துக்கு அது ஒத்துவருமா என்று கேளாமல் வாங்குதல் ஆகாது. நான் கேளாமல் ஒன்றை வாங்கினேன். தொலையியக்கியின் வடிவம் அம்மாவின் கைக்கு மிகப் பொருந்தியது; கணினியோ அச்சைகைவாங்கியை அறியவே மறுத்துவிட்டது.

இரண்டாவது வகை, வானொலி அலையால் இயங்குவது. தகவற் கோல் போன்ற சிறு துண்டைக் கணினியின் யூ.எஸ்.பி. துவாரத்தில் செருக, அதனுடன் வந்த தொலையியக்கி சுவருக்கு அப்பாலிருந்தும் கட்டளை அனுப்பும். கருவியை நோக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. புளூடூத் முறையும் இதன் உறவே. கணினியை அலுமாரிக்குள் மறைத்து வைப்போர்க்கு இவ்வகை சிறந்தது. ஆனால், துண்டும் தொலையியக்கியும் பிறப்பிலேயே இணைபிரியாத சோடி. ஒன்று தொலைந்தால் மற்றையது பெரும்பாலும் பயனற்றதாகிவிடும். அன்றியும், இவை வழக்கமாகப் பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலேயே வீட்டு வைபை இணைப்பும் மின்னலை அடுப்பும் இயங்குகின்றன. நீலநிறமுள்ள யூ.எஸ்.பி. 3 துவாரங்களும் அதே வரிசையில் இரைச்சலை எழுப்பக்கூடியவை. கட்டளை விட்டுவிட்டுச் செல்கின்றதெனக் கண்டால், கருவியைக் குறை கூறுமுன், ஒரு நீட்டுக் கம்பியினால் அத்துண்டைக் கணினியிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தல் நன்று.

மூன்றாவது வகையில் தனியான சைகைவாங்கியே வேண்டியதில்லை. தொலைக்காட்சியின் சொந்தத் தொலையியக்கி தொலைக்காட்சிக்குக் கூற, தொலைக்காட்சி அக்கட்டளையை எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே கணினிக்குக் கடத்திவிடும். 'சி.இ.சி.' என்பது இம்முறையின் பெயர். கம்பனிகள் இதற்குத் தத்தமக்கு விருப்பமான பெயர்களைச் சூட்டியிருப்பதால், தொலைக்காட்சியில் இருந்தும் இருப்பதை அறியாதோர் பலர். 'றாஸ்பெரி பை' என்னும் சிறு கணினியில் இவ்வசதி இயல்பாகவே உண்டு. ஆனால், சாதாரண மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. அவற்றுக்கெனத் தனித் துணைக்கருவி வாங்கவேண்டும். உங்கள் தொலைக்காட்சியும் கணினியும் இரண்டுமே இதனை அறிந்திருப்பின், வேறெதையும் தேடிக் காசு செலவழிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இரண்டுக்குமே அது தெரியவில்லை.

நான்காவது வகை, எந்தத் தொலையியக்கியையும் கற்றுக்கொள்ளும் சைகைவாங்கி. 'பிளேர்க்' என்னும் பெயருடன் வருவது இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. முதன்முறை மட்டும் ஒரு மென்பொருளின் துணையோடு, 'இது மேல், இது கீழ், இது தெரிவு' என்று ஒவ்வொரு பொத்தானாக அதற்குக் கற்பிக்க வேண்டும். ஏறத்தாழ அரிச்சுவடி தொடக்குவது போல. கற்றதனைத் தன்னுள்ளேயே பதித்துக்கொள்ளும். அதன்பின் கணினிக்கு அது ஒரு சாதாரண விசைப்பலகையாகவே தோன்றும். நாம் தொலையியக்கியில் மேல்நோக்கிய அம்பை அழுத்த, யாரோ விசைப்பலகையில் அம்பை அழுத்தினார் என்றே கணினி எண்ணும். விசைப்பலகையை அறியாத கணினி இல்லை. ஆகவே விண்டோஸ், லினக்ஸ் என்னும் வேறுபாடு இங்கு எழுவதில்லை. கணினி பழுதாகி வேறொன்றை வாங்கினாலும், இதைப் பிடுங்கி அதிலே செருகினாற் போதும்.

கைவேலையில் ஆர்வமுள்ளோர்க்கு ஐந்தாவதாக ஒரு வழியும் உண்டு. மூன்று கால்களுள்ள சிறு சைகைவாங்கிக் கூறு ஒன்றை மின்னணுப் பொருட் கடைகளிலே மிகச் சொற்ப விலைக்கு வாங்கி, றாஸ்பெரி பையின் ஊசிகளில் நேரே இணைக்கலாம். மின், நிலம், சைகை என்பன அம்மூன்று கால்கள். அவற்றின் ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி மாறுபடும். 5 வோல்ற்றுடன் இணைத்தால் றாஸ்பெரி பையின் ஊசி பழுதடையக்கூடும்; 3.3 வோல்ற்றுடனேயே இணைக்க வேண்டும். எங்கள் பாடசாலையின் தகவல் தொழினுட்ப ஆசிரியர் மாணவரைக் கொண்டு இதனைச் செய்வித்துக் காட்டினார். தாம் வீட்டிலிருந்து கொண்டுவந்த தொலையியக்கியின் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் உரிய எண், திரையிலே தோன்றக் கண்டபோது அம்மாணவர் அடைந்த மகிழ்ச்சி பெரிது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அவர்கள் அன்று வாசித்தார்கள் அல்லவா?

இவ்வளவும் அறிந்த பின், நான் மூன்று வினாக்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். தொலையியக்கியைப் பிடிக்கப்போகும் கை யாருடையது? அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் கணினி தெரியுமா? அது பழுதானால், நானில்லாத வேளையில், யார் சரிசெய்வார்? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் கடைக்குச் செல்வோர் ஏமாறுவது அரிது. விலையையும் வடிவத்தையும் பற்றிய வினாக்கள் இவற்றுக்குப் பின்னரே வரவேண்டியவை.

முதல் வினாவுக்கு விடை தேடியபோது, எங்கள் அலுமாரியின் அடித்தட்டிலே கிடந்த ஒரு பொருள் நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பாவித்த டி.வி.டி. கருவி பழுதாகிப் போய்விட்டது. ஆனால் அதன் தொலையியக்கி இன்னும் நன்றாக இருந்தது. பெரிய பொத்தான்கள். அம்மா அந்நாளில் திருவிழாப் பதிவுகளைப் போட்டுப் பார்த்த தொலையியக்கி அது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கின்றதென்று அவருடைய விரலுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே, நாம் புதிய தொலையியக்கி வாங்கவில்லை. பழையதன் மொழியைக் கற்றுக்கொள்ளும் நான்காம் வகைச் சைகைவாங்கியை மட்டுமே வாங்கினோம். அம்மா புதிதாக எதையும் கற்க வேண்டாம், கணினியே கற்றுக்கொள்ளட்டும் என்பது எங்கள் முடிவு.

இதிலே இன்னொரு நன்மையும் உண்டு. தொலைக்காட்சியின் தொலையியக்கியையே கணினிக்கும் கற்பித்தால், ஒரே பொத்தானுக்கு இரண்டு கருவிகளும் ஒருங்கே செவிசாய்த்துக் குழப்பம் விளைக்கக்கூடும். இறந்துபோன கருவியின் தொலையியக்கிக்கு வேறெவரும் பதில் சொல்லப்போவதில்லை. அதனால் அத்தகைய குழப்பத்துக்கு இடமில்லை.

எத்தனை பொத்தான்களுக்குக் கற்பிப்பது என்பதும் சிந்திக்க வேண்டியதே. எங்கள் கணினியில் இருப்பது 'கோடி' என்னும் இலவச மென்பொருள். 2014ஆம் ஆண்டு வரை 'எக்ஸ்.பி.எம்.சி.' என வழங்கப்பட்டது இதுவே. அதனை இயக்க நான்கு திசை அம்புகள், தெரிவு, பின்செல்லல், இடைநிறுத்தம், முடித்தல் என எட்டுப் பொத்தான்கள் போதும். தொலையியக்கியிலோ முப்பதுக்கு மேல் இருந்தன. எஞ்சியவற்றுக்கு நான் எதையுமே கற்பிக்கவில்லை. கை நடுங்கித் தவறான பொத்தானில் விரல் பட்டாலும் யாதும் நிகழாது. கற்பிக்காமல் விட்டதும் ஒரு பாதுகாப்பாயிற்று.

இனி, வைக்கும் இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். செங்கீழ்க் கதிர் சுவரையும் தடித்த திரைச்சீலையையும் ஊடுருவாது. ஆனால் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும். சைகைவாங்கியைக் கணினியின் பின்புறத்தில் மறைவாகச் செருகாமல், நீட்டுக் கம்பியினால் முன்னே கொண்டுவந்து, இருப்பவரின் கண்மட்டத்துக்கு அண்மையில் வைத்தல் வேண்டும். வெயில் நேராகப் படும் இடமும், சிலவகை மின்விளக்குகளின் அருகும் ஆகா.

பொத்தானை அழுத்தியும் பயனில்லையெனில், குறை தொலையியக்கியிலா சைகைவாங்கியிலா என்று அறிய எளிய சோதனை உண்டு. கைப்பேசியின் படக்கருவியைத் திறந்து, தொலையியக்கியின் முனையை அதற்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அக்கதிர் படக்கருவியின் திரையிலே வெளிர் ஊதா நிறப் பொட்டாகத் தெரியும். தெரியாவிடின் முன்பக்கப் படக்கருவியினால் முயன்று பார்க்கலாம். அதிலும் தெரியாவிடின் முதலில் மின்கலத்தை மாற்றிப் பாருங்கள்.

மற்றுமொன்று. உறங்கிக் கிடக்கும் கணினியைத் தொலையியக்கியால் எழுப்ப முடியுமா என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். கணினி உறக்கத்தில் இருக்கும்போதும் யூ.எஸ்.பி. துவாரத்துக்கு மின் செல்லுமாயின், அதற்குரிய அனுமதியும் கணினியின் அடிப்படை அமைப்பில் வழங்கப்பட்டிருந்தால், அது இயலும். முற்றாக அணைக்கப்பட்ட கணினியைப் பெரும்பாலும் எழுப்ப இயலாது. 2022ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின் தடைப்பட்ட காலத்தை நாம் மறக்கவில்லை. மின் மீண்டும் வந்தவுடன் கணினி தானே எழும்பும்படி அமைப்பதற்கும் அதே இடத்தில் ஒரு தெரிவு உண்டு. முதியோர் தனித்திருக்கும் வீடுகளில் இத்தெரிவைச் செய்து வைத்தல் சிறு வேலை. அதனால் விளையும் பயன் பெரிது.

நேயர்களே, இக்கருவிகளை விற்போர் வேகத்தையும் தூரத்தையும் பொத்தான்களின் தொகையையும் எடுத்துக்கூறுவர். அவற்றை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டிலே ஒரு முதியவரோ, கண்பார்வை குன்றியவரோ, கைகால் வழங்காத ஒருவரோ இருப்பின், அவர் பிறரை அழையாமல் தாமே ஒன்றைச் செய்துகொள்ள இக்கருவி இடந்தருமா என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். நாம் உதவி செய்வது நல்லதே. ஆயினும், எந்நேரமும் உதவி கேட்க வேண்டியிருத்தல் அவர்களுக்கு எத்துணைப் பாரமானது என்பதை நாம் பெரும்பாலும் அறிவதில்லை. அவர்கள் அதை வாய்விட்டுக் கூறுவதும் இல்லை.

சென்ற தவணை முடிவிலே ஒருநாள், வலயக் கல்விப் பணிமனையில் கூட்டம் நீண்டுவிட்டது. நான் வீடு திரும்பியபோது இருள் சூழ்ந்துவிட்டது. அம்மா தனியே இருப்பாரே என்னும் கவலையோடு படலையைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஐயாவின் குரல் கேட்டது. சூரபன்மன் மாமரமாய் நின்ற இடத்துக்குப் பயன் சொல்லிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றியபடியே சற்று நேரம் படியில் நின்றேன். குரல் திடீரென நின்றது. பின்னர், சிறிது பின்னே போய், அதே இடத்திலிருந்து மீண்டும் தொடங்கியது.

உள்ளே சென்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "தேத்தண்ணி போத்தலுக்கை கிடக்கு, பிள்ளை; ஊத்திக் குடி" என்று கூறிவிட்டு, மீண்டும் திரைப் பக்கம் திரும்பினார். தொலையியக்கி அவருடைய மடியில் இருந்தது.